சிறு திரையின் லாகவம்

காலை எட்டரை மணிக்கு மும்பையின் முலுண்டில் லோகல் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் நன்றாகத் தெரியும்: மூன்று பேருக்கென்று போட்ட ஆசனத்தின் ஓரத்தில் நாலாவது ஆசாமி ஒருவருக்கும் பாத்தியதை உண்டு. எந்த ரயில்வே விதியிலும் காணப்படாத இந்த உரிமைக்காக அவர் வாதாடுவதில்லை. "ஜரா ஸர்கோ" என்று இரண்டே வார்த்தை சொல்லிக் கையைச் சற்றே அசைப்பார். உட்கார்ந்திருக்கும் மூவரும் போனிலிருந்து கண்ணெடுக்காமலே ஆளுக்கு இரண்டு விரற்கடை நகர, இல்லாத இடம் உண்டாகிவிடும். ஒரு சிறிய மடிக்கணினியின் திரையைப் பல வருஷங்களாக லினக்ஸில் ஒழுங்குபடுத்தி ஒழுங்குபடுத்தி ரசித்துவரும் எனக்கு, அந்தக் கலையின் சாரம் முழுவதும் இந்த நகர்தலில் அடங்கியிருப்பதாகவே தோன்றும்.

சின்னத் திரையின் வறுமை எத்தகையது என்பதை முதலில் சொல்லவேண்டும். 2007-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆஸுஸ் கம்பெனி, லினக்ஸையே உள்ளே வைத்து, ஈ பிசி என்ற பெயரில் விற்ற ஏழு அங்குலக் குட்டிக் கணினிக்கு 800-க்கு 480 பிக்ஸல். பின்னர் நெட்புக் என்ற ஜாதியாகப் பெருகிய பத்து அங்குல யந்திரங்களுக்குப் பெரும்பாலும் 1024-க்கு 600. அதற்குப் பின் வந்த மலிவு லாப்டாப்புகளுக்கு 1366-க்கு 768. இந்த எண்களை உற்றுப் பார்த்தால், இடம் போதவில்லை என்று பொதுவாகப் புலம்புவது பிசகு என்று விளங்கும். இந்தத் திரைகள் அகலத்தில் தனவான்கள், உயரத்தில் மட்டுமே தரித்திரர்கள். அப்படியிருக்க, அந்நாளைய லினக்ஸின் க்னோம் 2 டெஸ்க்டாப் உயரத்தையே வாரி இறைத்தது. மேலே 24 பிக்ஸலில் ஒரு பேனல், கீழே அதே அளவில் இன்னொன்று, அவற்றுக்கு நடுவே சாளரத்தின் தலைப்புப் பட்டை, அதன் கீழ் மெனு, அதன் கீழ் கருவிப் பட்டை, அதன் கீழ் டேப்களின் வரிசை, அடியில் நிலைப் பட்டை என்று அடுக்கிக்கொண்டே போனால், 600 பிக்ஸலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரிவாரங்களுக்கே போய்விடும். ராஜா உட்கார இடமில்லை. சாமரம் வீசுகிறவர்கள் சபையை நிறைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய அவஸ்தை ஒன்று உண்டு. ஏதோ ஓர் அமைப்பை மாற்ற வேண்டுமென்று ஒரு பெட்டியைத் திறப்போம். அது திரையைவிட நெட்டையாக இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த பின், 'சரி' என்ற பொத்தான் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத பாதாளத்தில் கிடக்கும். ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு பெட்டியின் எந்த இடத்தையும் சுட்டியால் பிடித்து மேலே இழுக்கலாம், அதன் தலை திரைக்கு வெளியே போய்விட்டாலும் பாதகமில்லை என்பதை நான் அறிந்த நாளில் உண்டான சந்தோஷத்தை, விலை கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளும் எனக்குத் தந்ததில்லை.

உயரமே அருமையான திரவியம் என்ற உண்மையை உணர்ந்து செய்யப்பட்ட அமைப்புகளில் தலையாயது எது என்று கேட்டால், பலர் முகம் சுளிக்கக்கூடிய பதிலைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. 2010 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸின் நெட்புக் பதிப்பில் யூனிட்டி என்ற முகப்பு வந்தது. நிரல்களின் சின்னங்களை இடப்பக்கச் சுவரோடு சுவராக நிறுத்தி, பெரிதாக்கிய சாளரத்தின் தலைப்பையும் மெனுவையும் மேலேயிருந்த ஒரே பேனலுக்குள் கரைத்து, மூன்று பட்டைகள் செய்த ஊழியத்தை ஒரே பட்டையிடம் வாங்கியது அது. மறுவருஷம் ஏப்ரலில் அதையே எல்லாக் கணினிகளுக்கும் பொது முகப்பாக ஆக்கியதும், அகன்ற திரைகளை மேஜைமீது வைத்திருந்தவர்கள் அதைத் தூற்றத் தொடங்கினார்கள். 2017-இல் அதைப் படைத்தவர்களே கைவிட்டார்கள். குடிசைக்கென்று போட்ட திட்டத்தை மாளிகைக்காரர் தலையில் கட்டியதுதான் பிழையேயன்றி, திட்டத்தில் பிழையில்லை. நெட்புக் ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தால், அதைவிட ஔசித்யம் நிறைந்த அமைப்பை நான் இன்றுவரை கண்டதில்லை.

இன்று என் பதினொன்றரை அங்குல யந்திரத்தில் ஓடுவது எக்ஸ்எஃப்சிஇ. 1996-இல் ஆலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இந்த டெஸ்க்டாப்பில் ஆடம்பரம் குறைவு, சொன்னபடி கேட்கும் குணம் அதிகம். 2012-இல் வந்த அதன் 4.10 பதிப்பு, பேனலைப் பக்கவாட்டில் நிறுத்தினாலும் அதிலுள்ள எழுத்துக்கள் படுக்கையாகவே நிற்கும்படி ஒரு வழி செய்தது. கழுத்தைச் சாய்த்துப் படிக்கும் தண்டனை ஒழிந்தது. பெரிதாக்கிய சாளரத்தின் தலைப்பை மறைக்கவும் எக்ஸ்எஃப்சிஇயில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு குறி போட்டால் ஒரு பட்டை முழுவதும் விலகி, கட்டுரையில் ஒரு வரி கூடுதலாகத் தெரியும். ஒரு வரிதானே என்பவர்கள் இந்த ரசனைக்குப் புறம்பானவர்கள். சூத்திரம் எழுதுகிறவன் ஓரெழுத்தைக் குறைப்பதில் காட்டும் லோபம் இங்கே தேவைப்படுகிறது. திரையை எக்ஸ்ராண்டர் கட்டளையால் சுருக்கி, இல்லாத பிக்ஸல்களை இருப்பதாகக் காட்டும் தந்திரமும் உண்டு. எழுத்தெல்லாம் மூடுபனியில் நிற்பதுபோல் மங்கிவிடுவதால் அதை நான் கலையாக ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யில், இந்தச் சிறு திரை விவகாரத்தோடு நேரே மல்லுக்கட்டியவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் வெளிவந்த ஆகாஷ் 2 பலகைக் கணினியின் ஏழு அங்குலத் திரையில், 800-க்கு 480 பிக்ஸலுக்குள், மெமரி கார்டிலிருந்து முழு லினக்ஸை ஓடவைத்தார்கள். அங்கிருந்தே தமிழ்க் குரலிலும் கிடைக்கும் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களுக்கோ ஒரு விசேஷமான நியமம் உண்டு: திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறுபாதியில் அந்த மென்பொருளைத் திறந்து, பார்க்கப் பார்க்கச் செய்துகொண்டே போகவேண்டும். ஆசிரியரும் சிஷ்யனும் அருகருகே உட்காரும் இந்த ஏற்பாடு அழகானதுதான். ஆனால் 1366 பிக்ஸலைப் பாதியாக்கினால் ஆளுக்கு 683, அதிலும் நான் இடப்பக்கம் நிறுத்தி வைத்த பேனல் தன் பங்கை எடுத்துக்கொண்டால், அகலத்தில் தனவான் என்று நான் கொண்டாடிய திரை ஒரு க்ஷணத்தில் கடனாளியாகிவிடும். ஆகவே என் பேனலுக்குத் தானே ஒளிந்துகொள்ளும் வித்தையைக் கற்றுக்கொடுத்தேன். சாளரம் தன்மேல் வந்தால் விலகிப்போகும், சுட்டி விளிம்பைத் தொட்டால் எட்டிப்பார்க்கும்.

தமிழில் டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்கிறவனுக்கு மேலும் இரண்டு சங்கடங்கள். முதலாவது, நம் சொற்களின் நீளம். 'விருப்பத்தேர்வுகள்' என்று தமிழாக்கிய மெனு, பேனலிலோ பொத்தானிலோ பாதிச் சொல்லோடு நின்று, மிச்சத்துக்கு மூன்று புள்ளி வைத்துவிடுகிறது. பழைய வரிவடிவத்தைப் பேணும் லோஹித் தமிழ் கிளாசிக்கல் என்ற எழுத்துருவில் 'லை', 'ணை' முதலியவை யானைத் துதிக்கையோடு ஒரே உருவாக வருவதால் கொஞ்சம் அகலம் மிச்சமாகும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படிக்கக் கற்றவர்களுக்கு அது கண்ணுக்கு விருந்துதான்; ஆயினும் அந்தத் துதிக்கை மேலே எழும்பி நிற்பதால், மிஞ்சிய அகலத்துக்கு ஈடாக உயரத்தையல்லவா கேட்கிறது! மனமில்லாமல் அதை விட்டேன்.

இரண்டாவது சங்கடமே பெரிது. இடம் தேடும் ஆசையில் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போனால், ஆங்கில எழுத்து எட்டு என்ற அளவிலும் ஒருவாறு தாக்குப்பிடிக்கும்; தமிழிலோ முதலில் பலியாவது மெய்யின் புள்ளி. தலைக்குமேல் ஒரே ஒரு பிக்ஸலாக நிற்கும் அது, வரியின் வளைவோடு ஒட்டி மறைந்து, 'கண்' எது 'கண' எது என்று தெரியாமல் செய்துவிடும். ஓலை கிழிந்துவிடும் என்ற பயத்தால் புள்ளியிடாமல் விட்ட ஏடெழுதுவோரால் சுவடி பதிப்பித்தவர்கள் சிரமப்பட்டார்கள். அதே சிரமத்தை நாம் கண்ணாடித் திரையிலும் படவேண்டியதில்லை. ஃபான்ட்கான்ஃபிக் என்ற அங்கம், ஓர் எழுத்துருவை மட்டும் தனியே பெரிதாக்கிக் காட்டும்படி ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்க அனுமதிக்கிறது; எழுத்தின் விளிம்பைச் சீராக்கும் ஹிண்டிங்கையும் முழு அளவில் வைக்காமல் இலேசாக வைத்தால், வளைவுகள் கோணாமல், புள்ளி தனித்து நிற்கும்.

இந்தக் கட்டுரையை அந்தத் திரையில்தான் எழுதினேன். தலைப்புப் பட்டை இல்லை, மெனு இல்லை, பேனல் ஒளிந்திருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்பதில் நிற்கிறது. தமிழைப் பன்னிரண்டுக்குக் கீழே இறக்கவில்லை.