வெளிவிட்டம் மட்டும் போதாது

ரோமானியச் சங்கிலிக் கவசத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்: வளையத்தின் வெளிவிட்டம். 7 மில்லிமீட்டர் என்றால் சாதாரணம், 4 என்றால் உயர்தரம். இது பாதிக் கிணறு தாண்டும் கதை.

7 மி.மீ. வளையம் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் கம்பி 1 மி.மீ., மற்றதன் கம்பி 1.5. முதலாவதன் உள்விட்டம் 5, இரண்டாவதில் 4தான். கம்பியின் வெட்டுப்பரப்போ இரண்டேகால் மடங்கு. வளையத்தின் எடையும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. ஒரு வளையத்துக்குள் நான்கு வளையங்கள் நுழைய வேண்டிய பின்னல் இது. துளை சுருங்கினால் அம்புமுனைக்கு வழி குறையும். கூடவே சட்டை விறைத்து, தோளை அழுத்தும். வெளிவிட்டம் ஒன்றே, கவசங்கள் வேறு வேறு.

விட்டத்தையும் பருமனையும் ஒருசேரப் பாதியாக்கினால் எடை பாதியாகும், வளையங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கூலியை நினைத்துப் பாருங்கள். கம்பியின் இரு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு, பொடி ஆணியைச் செருகி, அதன் தலையை நசுக்க வேண்டும். 1 மி.மீ. கம்பியில் ஆணியைச் சுற்றி எஞ்சுகிற இரும்பு மயிரிழைதான். ரோமானியப் பட்டறைகள் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு வரிசை ரிவிட் அடித்தது, அடுத்த வரிசை மூட்டே இல்லாத முழு வளையம். வேலையும் பாதி, பலவீனமான இடங்களும் பாதி.

அப்படியும் மலிவாகிவிடவில்லை. 10,000 திராக்மாவுக்கு மேல் சொத்துள்ளவர்களே இதை அணிந்தார்கள், மற்றவர்கள் ஒரு சாண் வெண்கலத் தகட்டை மார்பில் கட்டிக்கொண்டார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். கூர்முனைக் குத்துக்கும் தடியடிக்கும் சங்கிலிக் கவசம் முழுப் பதில் அல்ல. எலும்பைக் காப்பது உள்ளே அணியும் மெத்தைச் சட்டைதான். வெட்டையோ இந்தக் கவசம் நன்றாகத் தாங்கும். அறுந்த வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்; ஆளுக்கு ஆள் அளவெடுக்க வேண்டியதும் இல்லை. ரோமானியரின் தகட்டுக் கவசம் வழக்கொழிந்த பிறகும் இது நீடித்ததற்கு இவை போதிய காரணங்கள்.

வெளிவிட்டத்தையே பிடித்துக்கொள்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் கோட்டையில் கிடைத்த சட்டை துருப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். 7 மி.மீ. விட்டத்தில் 0.3 கூடினால் பெரிதாகத் தெரியாது, 1 மி.மீ. கம்பி 1.3 ஆகத் தெரிந்தால் வெட்டுப்பரப்பு கிட்டத்தட்ட 70 விழுக்காடு எகிறிவிடும். வெட்டிப் பார்த்து உலோகக் கருவை மட்டும் அளந்தாலோ, துருவாகிப்போன இரும்பு கணக்கில் வராது. ஆகவே பருமனை ஒற்றை எண்ணாகத் தருவதைவிட, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று வரம்பாகத் தந்து, உள்விட்டத்தையும் பக்கத்திலேயே எழுதுவதுதான் முறை.