சிகிச்சையின் இலக்கை வகுப்பவர் யார்? இந்தியாவும் இலங்கையும்

இயக்கம் குன்றிய உடலைப் பயிற்சியாலும் துணைக்கருவிகளாலும் வலுப்படுத்தும் இயன்முறை மருத்துவத்தில், இலக்கை வகுக்க வேண்டியவர் சிகிச்சையாளரா, அவ்வுடலோடு அன்றாடம் வாழ்பவரா என்ற கேள்விக்கு இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு திசைகளில் விடை தேடியுள்ளன.

இந்தியாவில் மாற்றுத்திறனாளியின் குரல் சிகிச்சைக் கூடத்தின் உள்ளிருந்தே எழுந்தது. 1954ஆம் ஆண்டு சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம், அதாவது நோய் தீர்ந்த பின்னும் எஞ்சும் குறைபாட்டோடு முழுமையாக வாழப் பழக்கும் துறை, பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் உருவான மறுவாழ்வு நிலையத்தை வழிநடத்தினார். படுக்கைப்புண்ணின் அபாயத்தையும் பிறர் தூக்கிவிடக் காத்திருக்கும் வேதனையையும் பட்டறிந்த ஒருவரே சிகிச்சைக்குத் தலைமை ஏற்றது சாதாரணச் செய்தியன்று. தமிழ்நாட்டின் ஆய்க்குடியில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவரே.

இலங்கையில் அரச மருத்துவமனைகள் இச்சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகின்றன. ஆனால் உரிமைக்குரல் அங்கே மருத்துவமனைக்கு வெளியே, நீதிமன்றத்தில் ஓங்கியது. 1992இல் ஓடும் காரின் மீது மரம் விழுந்ததால் கால்கள் செயலிழந்த அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கனவாக அமைய வேண்டுமென அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. பல மாதப் பயிற்சியால் சக்கர நாற்காலியைத் தானே செலுத்தக் கற்றவர் வங்கியின் படிக்கட்டில் தடைபட்டு நின்றால், சிகிச்சையின் பயனும் அங்கேயே தடைபடுகிறது என்பதால், இவ்வழக்கை இயன்முறை மருத்துவத்தின் நீட்சியாகவே கொள்ள வேண்டும்.

இரு நாடுகளையும் இணைத்தது ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் கால். வெறுங்காலோடு நடக்கவும் தரையில் குந்தவும் ஏற்றதாக ராஜஸ்தானில் உருவான இந்த ரப்பர்ப் பாதம், இலங்கையின் உள்நாட்டுப் போரில் கால் இழந்த வடபகுதி மக்களை, யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையத்தின் வழியே எட்டியது. அணிபவரின் வாழ்க்கைமுறையை அளவுகோலாகக் கொண்டதே அதன் சிறப்பு.

எனினும் இம்முயற்சிகள் யாவும் தனிமனிதரின் மனவுறுதியையே பெரிதும் நம்பியிருந்தன. பட்டறிந்தவரின் குரல் அத்தகைய தனிமனிதரோடு நின்றுவிடாதிருக்க, இரு நாட்டு இயன்முறை மருத்துவக் கல்விக்கூடங்களும் மாற்றுத்திறனாளிகளைப் பாடத்துக்குரிய நோயாளிகளாக மட்டும் அழைக்காமல், ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அமர்த்த முன்வர வேண்டும்.