'ரன்' என்ற சொல்லை ரசிப்பது எப்படி?

தெரியாத சொல்லுக்குப் பொருள் தேடத்தான் அகராதியைத் திறக்கிறோம். நன்றாகத் தெரிந்த சொல்லுக்காக ஒருமுறை திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில் 'ரன்' என்பது மூன்றே எழுத்து. எல்.கே.ஜி. பிள்ளையைக் கேட்டாலும் ஓடிக் காட்டும். அந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆனது. வேலை முடிந்தபோது 645 பொருள்கள் தேறின. அதுவும் வினைச்சொல்லுக்கு மட்டும். பெயர்ச்சொல்லுக்குக் கணக்கு தனி.

அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்ற போட்டியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது 'செட்'. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையை 'எம்' எழுத்திலிருந்து தொடங்கினார்கள். 2000இல் 'மேக்' முந்தியது, 2007இல் 'புட்' முந்தியது, 2011இல் 'ரன்' வந்து இரண்டையும் பின்னுக்குத் தள்ளியது. ரயில், ஆலை, மின்சாரம், கணினி என்று எந்த இயந்திரம் வந்தாலும் அது இயங்குவதைச் சொல்ல ஆங்கிலேயன் இந்தச் சொல்லைத்தான் தேடிப் போனான் என்பது இந்த வளர்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

645ஐயும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் அன்றோடு ரசனை போயிற்று. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். என்னைக் கேட்டால், தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

பழைய ஆங்கிலத்தில் இதன் மூதாதைச் சொல், கால் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது. ஜெர்மன் மொழியில் இந்தக் குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டது: ஓடுவதற்கு 'ரென்னன்', ஒழுகுவதற்கு 'ரின்னன்'. ஆங்கிலத்தில் இன்னும் கூட்டுக் குடும்பம்தான். குழாய்த் தண்ணீர் 'ரன்' ஆகிறது. சளி பிடித்தால் மூக்கு 'ரன்' ஆகிறது. துவைத்த துணியில் சாயமும், அழுத கண்ணில் மையும் அப்படியே. 'ரன் எ பாத்' என்றால் குளியல் தொட்டியை நிரப்புவது. பாலைத் திரிய வைத்துப் பாலாடைக்கட்டி செய்ய உதவும் ரென்னட்டும் இந்த வேரிலிருந்தே வந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். வயிற்றுப்போக்குக்குப் பேச்சு வழக்கில் 'தி ரன்ஸ்' என்று பெயர். ஆகவே ஒரு பேட்ஸ்மேனை ஆங்கிலத்தில் பாராட்டும்போது அந்தத் 'தி' நடுவில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர். நம் ஓடையும் ஓடுவதிலிருந்து பிறந்ததுதானே! வர்ஜீனியாவில் 'புல் ரன்' என்று ஓர் ஓடை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று அதன் கரையில் நடந்தது. வடக்குப் படை தோற்று வாஷிங்டனை நோக்கி ஓடியது. வடக்கத்தியர் சண்டைக்கு ஓடையின் பெயரை வைத்தார்கள். தெற்கத்தியர் பக்கத்து ரயில் சந்திப்பின் பெயரால் 'மனாசஸ்' என்றார்கள். இன்றைக்கு 'புல் ரன்' என்றால் பங்குச் சந்தை விடாமல் ஏறுமுகத்தில் இருக்கிறது என்று பொருள். எழுத்து மாறாத அதே இரண்டு சொற்கள், ஓரிடத்தில் தோற்றவன் ஓடிய கரை, இன்னோரிடத்தில் முதலீட்டாளன் முகத்தில் சிரிப்பு. இப்படி ஒரு ஜோடி கையில் சிக்கும்போதுதான் அகராதி வாசிப்பு சூடு பிடிக்கிறது.

அடுத்து, பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்'னைப் பாருங்கள். நடுவில் அறுபடாமல் தொடர்ந்து போகும் எதுவும் 'ரன்'. நாடகம் ஓர் அரங்கில் தொடர்ந்து நடப்பது 'ரன்'. நம் ஊரில் படம் நூறு நாள் ஓடுவது போலத்தான். ஒரே மூச்சில் அச்சாகும் பிரதிகள் 'பிரின்ட் ரன்'. சீட்டாட்டத்தில் வரிசையாகச் சேரும் சீட்டுகளும் 'ரன்'. இந்தக் கணக்கில் சேராததும் உண்டு: கோழிக் கூண்டை ஒட்டி வேலி போட்டு விட்ட திறந்தவெளி 'சிக்கன் ரன்'.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது காலுறையில் வரும் 'ரன்'. நைலான் காலுறைகள் 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தன. பின்னல் துணியில் ஒரு கண்ணி, மேலே உள்ள கண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நகம் பட்டு ஒரு கண்ணி அறுந்தால் அதை நம்பியிருந்த அடுத்தது அவிழும், பிறகு அதற்கடுத்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை மெல்லிய கோடாகப் பிரிந்துகொண்டே இறங்கும். அமெரிக்கப் பெண்ணுக்கு அது 'ரன்'. பிரிட்டிஷ்காரிக்கு அதே கிழிசல் 'லேடர்', அதாவது ஏணி. அறுந்த இடத்தில் குறுக்கு இழைகள் ஏணிப்படி போலத் தெரிவதால். ஒருத்தி கோடு இறங்கும் வேகத்தைப் பார்த்தாள், மற்றவள் அதன் வடிவத்தைப் பார்த்தாள்.

வங்கிக்கு வரும் 'ரன்' வேறு வகை. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில், போட்ட பணத்தை எடுக்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை, ஆனாலும் அது 'பேங்க் ரன்'. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். இந்த முறை வரிசைகூடப் பெரிதாக இல்லை, பெரும்பகுதி இணையம் வழியாகவே நடந்தது. இதற்கும் அதே பெயர்தான். ஓடியது பணம்.

மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி: ஓடுவது யார், ஓட்டுவது யார்? தமிழில் வண்டி ஓடும், ஓட்டுநர் ஓட்டுவார்; வினையின் வடிவமே மாறிவிடும். ஆங்கிலம் அந்தக் கவலையை விட்டுவிட்டது. குதிரையும் 'ரன்', அதைப் பந்தயத்தில் இறக்குகிறவரும் 'ரன்', பந்தயத்தை நடத்துகிற கிளப்பும் 'ரன்'. கம்பெனியை அவர்கள் ஓட வைக்கிறார்கள். நாம் நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். தேர்தல் வந்தால் அமெரிக்கர் பதவிக்காக ஓடுகிறார். பிரிட்டிஷ்காரர் தேர்தலில் நிற்கிறார். அந்த விஷயத்தில் நம் வேட்பாளரும் பிரிட்டிஷ் கட்சிதான்.

பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. நண்பர் ஒருவரை 'ரன் இன்டு' செய்தால் எதிர்பாராமல் சந்தித்தீர்கள் என்று பொருள்; சேர்ந்து காபி சாப்பிடலாம். அவரையே 'ரன் ஓவர்' செய்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். 'ரன் டவுன்' என்றால் அவரைப் பற்றி மட்டமாகப் பேசினீர்கள், அல்லது தேடிப் பிடித்தீர்கள், அல்லது மறுபடியும் ஆம்புலன்ஸ். இதற்கு விதி கிடையாது, பழக்கம்தான் வழி. 'ரன் அமோக்' என்பதில் வரும் 'அமோக்' மலாய்ச் சொல். 'ரன் த கான்ட்லெட்' என்பதில் வருவதைக் கையுறை என்று நினைக்காதீர்கள்; இருபுறமும் வரிசையாக நிற்பவர்களிடம் அடி வாங்கிக்கொண்டே ஓட வேண்டிய பழைய ராணுவத் தண்டனையின் ஸ்வீடிஷ் பெயரான 'காட்லாப்' திரிந்து அப்படி ஆனது. 'லாப்' என்றாலே ஓட்டம். ஆக, அந்தத் தொடருக்குள் ஓட்டம் இரண்டு தடவை இருக்கிறது.

கடைசியாக, நம் தெருவுக்கே வந்துவிட்ட 'ரன்'. கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் ஸ்கோரர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு போட்டு எண்ணினார். அதனால் ஆட்டக்காரர் எடுத்ததை அப்போது 'நாட்ச்' என்றே சொன்னார்கள். 'ரன்' பிறகு நிலைத்தது. நிலைத்தபின் அது தன் காலையே மறந்துவிட்டது. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஒருவரும் ஓடாமல் நான்கு 'ரன்'. பந்துவீச்சாளர் அகலமாகப் போட்டால், பேட்டைத் தூக்கக்கூட வேண்டாம், ஒரு 'ரன்'. உயிரைக் கொடுத்து ஓடியும் மட்டை கோட்டுக்குள் படாமல் திரும்பினால் அது 'ஷார்ட் ரன்', கணக்கில் வராது. காயம்பட்டவருக்காக ஓட 'ரன்னர்' என்று ஓர் ஆள் இருந்தார். 2011 அக்டோபரிலிருந்து சர்வதேசப் போட்டிகளில் அவருக்கும் வேலை போய்விட்டது. பந்துவீச்சாளர் ஓடி வருவது 'ரன் அப்', ஆட்டக்காரர் ஓடி முடிக்காமல் போவது 'ரன் அவுட்'. சமையலறையில் பால் 'ரன் அவுட்' ஆனால் தீர்ந்துபோயிற்று என்று பொருள். ஆடுகளத்தில் ஆனால் ஆள் தீர்ந்தார். நாமோ ரன்னை 'எடுக்கிறோம்', 'அடிக்கிறோம்'. தமிழுக்கு வந்த இடத்தில் அது கையால் செய்யும் காரியமாகிவிட்டது.

இதைப் பழக ஆக்ஸ்ஃபோர்டின் 20 தொகுதிகள் தேவையில்லை. கையடக்கமான நல்ல ஆங்கில அகராதி ஒன்றும் ஒரு பென்சிலும் போதும். முதலில் அகராதியில் அந்தப் பதிவை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிடுங்கள். பிறகு நாளைக் காலை வரும் ஆங்கில நாளிதழில் 'ரன்' வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் எது ஒழுகுகிறது, எது அறுபடாமல் போகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். விளையாட்டுப் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம், பென்சில் தேய்ந்துவிடும்.