மூன்றிலிருந்து நான்குக்கு: போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு பழைய ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். முந்தலைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து மேலே ஒரு வண்டியின் யோக்கியதையைச் சொல்வது அதன் கியர் பாக்ஸ்.

வெளிநாட்டுப் பழைய கார் பிரியர்கள் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு மேனுவல் கியர் போடுகிறார்கள். இங்கே ஏலத்தோட்டச் சரிவுகளில் ஓடும் பழைய வண்டி ஜீப்தான். அதில் கை வைக்கும் இடமும் வேறு. மஹிந்திரா சிஜே 3பி ஜீப்பின் 3 கியர் டி 90 பெட்டியை இறக்கிவிட்டு, எம்எம் 540-இல் வந்த 4 கியர் கேஎம்டி 90 பெட்டியை ஏற்றுவது. அப்படி மாற்றிய ஜீப் ஒன்றைப் போடிமெட்டு வரை ஓட்டிப் பார்த்தேன்.

பழைய பெட்டியின் சிக்கல் அதன் விகிதங்களிலேயே இருக்கிறது. முதல் கியர் 2.80, இரண்டாவது 1.55, மூன்றாவது நேர் 1. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். கொண்டை ஊசி வளைவுக்கு வேண்டிய வேகம் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது. இரண்டில் போனால் 2.2 லிட்டர் எஞ்சின் முக்கித் திணறும். முதலுக்கு இறக்கலாம் என்றால் அதற்கு சின்க்ரோ கிடையாது. ஏற்றத்தில் உருண்டுகொண்டே டபுள் கிளட்ச் அடித்து இறக்க வேண்டும். தவறினால் நியூட்ரலில் நின்று, பின்னால் சுமையோடு வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்க்க வேண்டியதுதான். நான்கு சக்கர இயக்கத்தின் ‘லோ’ கியர் இருக்கிறதே என்பார்கள். இந்த ஜீப்பில் முன் எக்ஸலையும் சேர்த்தால்தான் லோ விழும். தார்ச்சாலை வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, இரண்டையும் பூட்டிவிட்டால் ஸ்டியரிங் கனத்து, மொத்த இயக்கமும் முறுக்கிக்கொள்ளும். லோ மண் பாதைக்கு உரியது.

நான்கு கியர் பெட்டியின் இரண்டாவது அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. வளைவுக்கு முன் இரண்டுக்கு இறக்கினால் சின்க்ரோ சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது; எஞ்சின் தடுமாறாமல் வளைவைச் சுற்றி மேலேறுகிறது. சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப்போகும் வண்டிகளை நினைத்தால் இதன் அருமை புரியும். இறக்கத்தில் இன்னும் நன்று. இரண்டில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கிறது, பிரேக் டிரம் சூடேறாமல் தப்பிக்கிறது. செலவு செய்ய எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சமவெளியான தேனிச் சாலையில் மட்டும் வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பெட்டிக்கும் கடைசி கியர் நேர் 1. கிரௌன் விகிதம் அதே 5.38. எஞ்சின் அதே இரைச்சலோடுதான் ஓடும்.

பட்டறை வேலை சின்னதல்ல. பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர் பிளேட், புதுப் பெட்டியின் பல்லுக்கேற்ற கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், நகர்த்திய குறுக்குச் சட்டம், வெட்டிய தரைத்தகடு எல்லாம் வேண்டும். பெட்டி நீளமானால் பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறுக்கி, முன் ஷாஃப்டை நீட்ட வேண்டும். 80 அங்குல வீல்பேஸில் பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. இன்னும் குறுக்கினால் சாய்வு கூடி யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

ஒரு வகை ஜீப்பை மட்டும் விட்டுவிடுங்கள். 50 ஆண்டு தாண்டியும் அசல் உருவம் குலையாத வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு தரும் விதி 2021 ஜூலையில் வந்தது. சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது அது. அந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. அப்படி முழுதாகத் தப்பிப் பிழைத்திருக்கும் ஜீப்பின் தரையை வெட்ட எனக்கு மனம் வராது.

ஏற்கெனவே மாற்றிய ஜீப்பை வாங்கப் போகிறவர்கள் சமவெளியில் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். முந்தலுக்கு மேலே கொண்டுபோய், முழுச் சுமையோடு இரண்டாவது கியரில் ஏற்றுங்கள். தரைக்கு அடியில் அதிர்வு எழுந்தால் ஷாஃப்டின் சாய்வு தப்பு. அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.