ஆலை வாசலில் நின்றுவிடும் சுதந்திரம்: கட்டற்ற மென்பொருளை ஓசூரிலிருந்து வாசித்தல்

1

ஓசூர் பாகலூர் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் கடை இருக்கிறது. ஒரு வேப்பமரம், தகரக் கொட்டகை, ஏர் கம்ப்ரஸர், அவ்வளவுதான். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். வருகிறவர் முகத்தைப் பார்த்துத் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ உருதுவிலோ பேசுவார். ஓசூரில் இது அதிசயமில்லை. போன மழைக்காலத்தில் நான் போயிருந்தபோது வாசலில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நின்றது. திரையில் ஏதோ பிழை எண், வண்டி அசையவில்லை. அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை.

'பேட்டரி நல்லாருக்குண்ணே. மோட்டார்லயும் கோளாறு இருக்கற மாதிரி தெரியல. லேப்டாப்பச் சொருகி அந்த நம்பர அழிச்சாத்தான் ஓடும். அந்த சாப்ட்வேர் அவங்க சர்வீஸ் சென்டர்ல மட்டும்தான் இருக்கு. எனக்குக் குடுக்க மாட்டாங்க.'

வண்டி ஒரு இளம்பெண்ணுடையது. தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு ஆலையில் லைன் வேலை. 'நாங்க தெனம் இதே மாதிரி போர்டுக்குத்தாண்ணா ஸ்க்ரூ போடறோம். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியாது' என்றார்.

எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. செய்கிறவர், வாங்கியவர், பழுது பார்க்கிறவர் எல்லோரும் அந்த ஒரே கொட்டகையில் நின்றிருந்தார்கள். வண்டியைத் திறக்கும் உரிமை அங்கே எவருக்கும் இல்லை. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் கணினிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. எழுத்துரு, விசைப்பலகை, விண்டோஸா லினக்ஸா என்பதோடு அது முடிந்துபோகிறது. அந்தப் பேச்சை இந்தத் தகரக் கொட்டகைக்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறேன்.

2

டிவிஎஸ் 50 இதே ஓசூரிலிருந்துதான் 1980இல் வெளிவந்தது. அன்று இது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அந்த வண்டியை யாரும் அறம் கருதித் திறந்து வைக்கவில்லை, லாபத்துக்குத்தான் செய்தார்கள். ஆனாலும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டவும், கார்பரேட்டரைப் பெட்ரோலில் கழுவி ஜெட்டை ஊதிப் பொருத்தவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தால் புரிந்தது. புரிந்துகொண்டவர் அடுத்தவருக்குச் சொல்லித் தந்தார். தமிழ்நாட்டின் ஊர்தோறும் அந்த அறிவு பரவியது இப்படித்தான்.

பழைய பட்டறையைச் சொர்க்கமாக்கிக் காட்ட எனக்கு எண்ணமில்லை. எடுபிடிப் பையனுக்குக் கூலியைவிட அடிதான் அதிகம் கிடைத்தது. பெண்ணுக்கு அங்கே இடமே இருந்ததில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: பொருளை விற்றவருக்கு, விற்ற பிறகு அதன்மேல் அதிகாரம் இல்லை. இன்று இருக்கிறது.

அந்த அதிகாரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டாம், பில்லிலேயே இருக்கிறது. மின்சார இருசக்கர வாகனங்களுக்கு ஒன்றிய அரசு ஃபேம்-2 திட்டத்தில் மானியம் தந்தது. வண்டியின் ஆலை விலை ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. சார்ஜரையும் மென்பொருளையும் வண்டியின் விலையிலிருந்து பிரித்துத் தனியாக விற்று இந்த வரம்புக்குள் நிற்கிறார்கள் என்று புகார் எழுந்து, 2023இல் கனரகத் தொழில்கள் அமைச்சகம் தலையிட்டது. ஓலா, ஏதர், டிவிஎஸ், ஹீரோ விடா ஆகிய நான்கும் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஓலா தர வேண்டியிருந்தது மட்டும் சுமார் 130 கோடி ரூபாய். இந்த நான்கில் மூன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வண்டி செய்பவை: டிவிஎஸ்ஸும் ஏதரும் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில்.

பத்திரிகைகள் இதை மானிய முறைகேடாக மட்டுமே பார்த்தன. எனக்கு அந்த இரண்டு பில்களும் ஒரு தத்துவக் கூற்றாகப் படுகின்றன. முதல் பில் இரும்புக்கும் ரப்பருக்கும், அது உங்களுடையது. இரண்டாவது பில் வண்டியை வண்டியாக்குகிற எழுத்துக்கு. அது அவர்களுடையது, நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். பணம் திரும்பி வந்தது, ஆனால் பிரித்த பிரிவு அப்படியே இருக்கிறது. வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் வசதியைத் தனிக்காசு கட்டினால் திறந்துவிடும் வியாபாரம் இன்று சகஜமாகிவிட்டது. அமெரிக்காவில் ஜான் டீர் இதை ஒளிவுமறைவில்லாமலே சொன்னது. டிராக்டர் வாங்கிய விவசாயிக்கு அதிலுள்ள மென்பொருளின்மேல் இருப்பது வண்டியை ஓட்டிக்கொள்ளும் உரிமம் மட்டுமே என்று 2015இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்திடம் அது வாதிட்டது. நில உச்சவரம்பும் குத்தகையும் பற்றி அரை நூற்றாண்டு பேசியவர்கள் நாம். வாங்கிய பொருளுக்கே குத்தகைதாரர் ஆகிவிட்டோம் என்பதை இன்னும் பேசத் தொடங்கவில்லை.

3

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். அதற்குப் பின்னால் ஒரு பிரிண்டர் கதை உண்டு. எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் தந்திருந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். பழைய பிரிண்டருக்கு, சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி இவர் நிரல் எழுதி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை, மூல நிரல் கிடையாது. வைத்திருந்த ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டபோது, யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார் அவர். பாகலூர் சாலை மெக்கானிக்கின் கோபமும் இந்தக் கோபமும் ஒன்றுதான்.

அந்தக் கோபத்திலிருந்து பிறந்தவை நான்கு சுதந்திரங்கள்: எதற்காகவும் ஓட்டிப் பார்க்க, படித்து மாற்ற, நகல் தர, மாற்றியதையும் பிறருக்குத் தர. நம் ஊரில் இது வந்துசேர்ந்த விதம் வேறு. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் லினக்ஸுக்கு மாறியது பெரிய முயற்சி. ஆனால் ஓர் அதிகாரியின் மேசையிலிருந்து வந்தது அவர் மாற்றலோடு தளர்ந்தது. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லித்தர ஆளில்லை. இலவசமாக வந்தது, சுதந்திரமாக வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் கிடந்து குழப்பிய இரண்டு அர்த்தங்களுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருந்தும், நாம் முதலாவதை மட்டுமே பிடித்துக்கொண்டோம்.

இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் ஸ்கூட்டருக்குள்ளேயே கட்டற்ற மென்பொருள் இருக்கலாம். 2020இல் அறிவிக்கப்பட்ட ஏதர் 450எக்ஸ் வண்டியின் திரை ஆண்ட்ராய்டின் திறந்த மூல வடிவத்தில் ஓடுவது. ஆண்ட்ராய்டின் அடியில் லினக்ஸ் கெர்னல். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதிய எழுத்து அது. அந்த எழுத்தை வைத்தே பூட்டு எப்படிச் சாத்தியம்? வழி கண்டுபிடித்தது டிவோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி. மூல நிரலை நேர்மையாக வெளியிடுவார்கள். எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். மாற்றியதைக் கருவியில் ஏற்றினால் மட்டும் ஓடாது. நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத எதையும் வன்பொருள் ஏற்காது. ஏட்டில் சுதந்திரம், இயந்திரத்தில் பூட்டு. அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்த பிறகும் கோயில் கதவு சாத்தியே இருந்த ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

இதை எதிர்த்துத்தான் 2007 ஜூனில் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. நிரலைத் தந்தால், மாற்றிய நிரலைக் கருவியில் ஏற்றத் தேவையான சாவியையும் தர வேண்டும் என்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. வன்பொருள் செய்பவன் தன் பொருளை எப்படிச் செய்தால் என்ன என்பது அவர் நிலை. லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. உலகில் அதிகம் ஓடும் கட்டற்ற மென்பொருள், தன்னைப் பூட்டுவதற்கு அனுமதி தந்துவிட்டது.

4

இதுவரை சொன்னதைக் கட்டற்ற மென்பொருள் நண்பர்களும் ஒப்புக்கொள்வார்கள். இனி வருவதில்தான் எனக்கு அவர்களோடு வழக்கு.

மூன்றாம் பதிப்பை ஒரு பிரதியாக எடுத்து நிதானமாக வாசித்தால், சாவி தர வேண்டும் என்ற அந்த விதி எல்லாக் கருவிக்கும் பொருந்தாது என்பது தெரியும். வீட்டுப் பயன்பாட்டுக்கு, தனிமனிதப் பயன்பாட்டுக்கு வாங்கப்படும் பொருள்களுக்குத்தான் அது. தொழிற்கூடத்துக்கென்றே விற்கப்படும் இயந்திரம் அதில் சேராது. ஆக, அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் திறக்கப்படலாம். அவர் ஒவ்வொரு ஷிப்டிலும் எதிரே நின்று வேலை செய்யும் இயந்திரம் திறக்கப்பட வேண்டியதில்லை. உலகிலேயே தீவிரமான சுதந்திர உரிமமும் ஆலை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

இது கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நான்கு சுதந்திரங்களும் யாரை நோக்கிப் பேசுகின்றன? 'பயனரை' நோக்கி. பயனர் என்பவர் தன் கணினி முன் தனியாக உட்கார்ந்திருப்பவர். அந்தக் கருவியின் சொந்தக்காரர். தொழிலாளியோ, தனக்குச் சொந்தமில்லாத இயந்திரத்தை இயக்குபவர். அவருக்கு இந்தப் பிரதியில் பெயரே இல்லை.

ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதியதை நம் இடதுசாரி வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யோசிப்பதையும் செய்வதையும் இரண்டாகப் பிரித்து, யோசிப்பதை நிர்வாகத்திடம் சேர்ப்பதுதான் ஏகபோக முதலாளியத்தின் வேலைமுறை என்றார். டேவிட் நோபிள் 1984இல் கடைசல் இயந்திரத்தை வைத்து இதையே காட்டினார். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப்பின் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில், கைதேர்ந்த தொழிலாளி ஒரு பொருளைக் கடைவார். அவர் கையசைவை இயந்திரம் நாடாவில் பதிந்து திரும்பச் செய்யும். மற்றதில், அலுவலகத்தில் உட்கார்ந்த பொறியாளர் எண்களால் நிரல் எழுதுவார். விமானப்படைப் பணத்தோடும் எம்ஐடியின் உழைப்போடும் வென்றது இரண்டாவது. நிர்வாகத்தின் பிடியை அது இறுக்கியது என்பது அந்த வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம் என்பார் நோபிள்.

அந்த வெற்றியின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில் இரவும் பகலும் ஓடும் சிஎன்சி இயந்திரங்கள். ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து தருகிற சிறு பட்டறைகள் இவை. வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரம், ஆனால் கன்ட்ரோலருக்குள் எழுதியிருப்பதைப் பட்டறை முதலாளியும் பார்க்க முடியாது. பல வசதிகள் உள்ளேயே இருக்கும், காசு கட்டி எண் வாங்கினால் திறக்கும். இடம் மாற்றினாலே பூட்டிக்கொண்டு, விற்றவர் வந்து விடுவிக்கும்வரை ஓடாத இயந்திரங்களும் உண்டு. சிறுமுதலாளியும் ஆபரேட்டரும் கூலி விஷயத்தில் எதிரெதிர் நிற்பவர்கள். இந்தப் பெட்டியின் முன்னால் மட்டும் இருவரும் ஒரே வரிசை. மாற்று இல்லாமல் இல்லை. அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த லினக்ஸ்சிஎன்சி, எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கன்ட்ரோலர் மென்பொருள். நம் ஐடிஐகளில் அதை ஒரு பாடமாக வைக்க எந்த உரிமக் கட்டணமும் தேவையில்லை.

5

இரண்டு மறுப்புகள் வரும். மின்சார வண்டி ஆபத்தானது, 2022இல் எத்தனை வண்டி தீப்பிடித்தது, கண்டவன் கை வைத்தால் உயிர் போகும் என்பது முதலாவது. நியாயமான பயம்தான். ஆனால் தீப்பிடித்த அந்த வண்டிகள் மெக்கானிக் திறந்து கெடுத்தவை என்று எவரும் சொல்லவில்லை. ஆபத்து இருக்கிறதென்றால் அதற்குத் தீர்வு பயிற்சியும் சான்றிதழும். பெட்ரோல் டேங்கோடும் பிரேக்கோடும் நாற்பது வருடம் வேலை பார்த்தவரிடம் பிழை எண்ணின் அர்த்தத்தை மறைப்பதில் என்ன பாதுகாப்பு?

மற்றது, பெங்களூர் மூளை, ஓசூர் கை என்கிற வட்டாரக் கோபம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் நிரல் எழுதுகிறார்கள், இந்தப் பக்கம் வியர்வை என்று பேசுவது சுலபம், நானும் பேசியிருக்கிறேன். டிவிஎஸ்ஸின் ஆராய்ச்சிப் பிரிவு ஓசூரிலேயே இருக்கிறது. அதனால் பூட்டு ஒன்றும் தளரவில்லை. எல்லை மாநிலங்களுக்கு நடுவே ஓடவில்லை.

சட்டம் நம்மை அவ்வளவு கட்டிப்போடவும் இல்லை. 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் மெக்கானிக்கின் உரிமை ஒரு சட்டக் கேள்வியாக அங்கே பதிவாகிவிட்டது. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்து வலைவாசலும் திறந்தது. எல்லாம் 'நுகர்வோர்' பெயரில். நுகர்வோருக்குச் சங்கம் கிடையாது. தொழிலாளிக்கு உண்டு, குறைந்தபட்சம் இருந்தது.

ஆகவே எனக்குப் படுவது இது. அரசு நிலத்திலும் அரசு மானியத்திலும் உருவாகும் வண்டியின் பிழை எண் பட்டியலும் பழுதறியும் மென்பொருளும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். மானியத்துக்கு விலை வரம்பை நிபந்தனையாக வைக்கத் தெரிந்த அரசுக்கு இதையும் வைக்கத் தெரியும். ஊதிய ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கும் கேண்டீனுக்கும் பக்கத்தில், இயந்திரத்தின் நிரலைப் படிக்கவும் கற்கவும் உள்ள உரிமையைத் தொழிற்சங்கங்கள் எழுத வேண்டும். கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் கல்லூரி அரங்கை விட்டுக் கொஞ்சம் பட்டறைப் பக்கம் வர வேண்டும். தங்கள் நான்கு சுதந்திரங்களில் விடுபட்டவர் யார் என்பது அங்கே வந்தால் தெரியும்.

அந்த ஸ்கூட்டரை அன்று ஒரு குட்டியானையில் ஏற்றி அனுப்பினோம். நாலு பேர் தூக்க வேண்டியிருந்தது; அந்தப் பெண்ணும் ஒரு கை பிடித்தார். சர்வீஸ் சென்டரில் பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டதாம். என்ன கோளாறு என்று கேட்டதற்கு 'அப்டேட்' என்றார்களாம். அடுத்த வாரம் இதைச் சொன்னபோது மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: 'பத்து நிமிஷ வேலைண்ணே. ஒருநாள் உக்காந்து சொல்லிக் குடுத்தா நான் கத்துக்க மாட்டேனா?'