இறுகிய போல்ட் இளகும் நேரம்

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவதுதான் நம் வழக்கம். எஞ்சினில் ஏதோ ஒரு போல்ட் மக்கர் பண்ணுகிறது என்று காதில் விழுந்தால், அன்று மட்டும் எழுந்து பட்டறைக்குள் வாருங்கள். அவருக்கு வெளிச்சம் மறைக்காத பக்கமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள். இது காதால் ரசிக்க வேண்டிய வேலை.

நாகப்பட்டினத்தில் என் பழைய பைக்குக்குக் கிளட்ச் பிளேட் மாற்றிய அன்றுதான் எனக்கு இது பிடிபட்டது. கவரில் இருந்த போல்ட்டுகள் எல்லாம் வந்துவிட்டன, கீழ் ஓரத்தில் இருந்த ஒன்றைத் தவிர. மழைத் தண்ணீரும் சேறும் முதலில் அடிப்பது அந்த இடத்தில்தான். 6 மில்லிமீட்டர் போல்ட். அதை மாட்டும்போது தேவைப்படும் முறுக்கு, ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுதான். வருஷக்கணக்கில் உப்புக்காற்று குடித்த பிறகு அதே போல்ட் யாருக்கும் அசையவில்லை.

காரணம் சிவப்புத் துரு மட்டுமல்ல. போல்ட் எஃகு, எஞ்சின் கூடு அலுமினியம். நடுவில் உப்பு ஈரம் இறங்கினால் அந்த இடம் ஒரு சின்ன பேட்டரியாகிவிடுகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகிறது, பொடி உப்பிப் பெருத்து மரையின் ஒவ்வொரு பள்ளத்தையும் அடைத்துக்கொள்கிறது. போல்ட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு பூத்த மாதிரி தெரிந்தால், ஆட்டம் நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கைக்காரர் முதலில் என்ன எடுக்கிறார் என்று கவனியுங்கள். நான் பார்த்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. போல்ட் தலையைச் சுற்றியிருந்த மண்ணைக் கம்பியால் சுரண்டினார், துணியால் துடைத்தார், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சுத்தியலால் தலையில் நேராக நாலு தட்டு தட்டினார். தட்டத் தட்ட உள்ளே பொடி விரிசல் விடும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும். பிறகு வேறொரு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “ஊறட்டும் சார், இப்ப தொட்டா தலை மழுங்கிடும்” என்றார். அந்தக் காத்திருப்பையும் வேலையின் பகுதியாகவே பாருங்கள். பாதி வேலை அதில்தான் நடக்கிறது.

அரை மணி கழித்து ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரை மாட்டினார். பன்னிரண்டு மூலை வேண்டாம், அது போல்ட்டின் முனைகளை மட்டும் பிடித்து வழுக்கும். ஆறு மூலை, பட்டையை முழுசாக அணைத்துப் பிடிக்கும். உதவிக்கு இருந்த பையன் நீளமாக ஒரு பைப்பைக் கொண்டுவந்து நீட்டினான், நெம்புவதற்கு. அவர் வாங்கவில்லை. “பைப்பைப் போட்டா கைக்குச் சேதி வராதுடா.”

அந்தச் சேதியைத்தான் நாமும் ரசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். போல்ட் கழல்வது வேறு, முறுக்கிக்கொள்வது வேறு. கழலும் போல்ட் பேசும்: முதலில் ‘டக்’கென்று ஒரு வெடிப்பு, அடுத்து கிறீச்சென்று ஒரு முனகல். அறுந்துபோகப் போகிற போல்ட்டோ சத்தமே போடாது. ரப்பரைத் திருகுவது மாதிரி மெத்தென்று இடம் கொடுக்கும். பழகாத கை ‘வந்துடுச்சு’ என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தும், தலை மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும். இவர் மணிக்கட்டில் அந்த மெத்தென்ற இளக்கம் தட்டியதுமே நிறுத்திவிட்டார். அழுத்தம் கூடிக்கொண்டே போகும்போது சட்டென்று நிற்கிற ஒரு கையைப் பார்ப்பது எனக்குக் கச்சேரியில் சரியான இடத்தில் விழும் மௌனத்தைக் கேட்பது போல.

பிறகு எண்ணெயைத் துடைத்துவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு டார்ச் தீயால் லேசாகச் சூடு காட்டினார். எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவது அலுமினியம். 100 டிகிரி சூடு ஏறினாலும் இந்தப் போல்ட்டைச் சுற்றிக் கிடைக்கும் இடம் ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு போதும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கழற்றுவதற்குப் பதில் துளி இறுக்கினார். ‘டக்’. பையன் நிமிர்ந்து பார்த்தான். இப்போது கால் சுற்று வெளியே, பாதி தூரம் உள்ளே. மறுபடி வெளியே. நடுநடுவே எண்ணெய். போகவர, மரைக்குள் இருந்த பொடி அரைபட்டு வெளியே கசிந்தது. கிறீச் சத்தம் சுற்றுக்குச் சுற்று மெலிந்து, கடைசியில் எண்ணெய் பூசிய உரசல் மட்டும் மிஞ்சியது. இடது கட்டை விரல் மட்டும் கடைசிவரை ஸ்பேனர் தலையை விட்டு நகரவில்லை, சாய்ந்துவிடாமல் அழுத்திப் பிடித்தபடியே இருந்தது.

அறுந்திருந்தால்? தலை போன துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருப்புவார்கள், இல்லாவிட்டால் லேத் பட்டறைதான். அதுவும் பார்க்க வேண்டிய வேலை.

வெளியே வந்த போல்ட்டை அவர் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். மரையில் வெள்ளை அப்பியிருந்தது. குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு எடுத்தார், துளி கிரீஸ் தடவினார். ஸ்பேனரை எடுக்கவில்லை. இரண்டு விரலால் தலையைப் பிடித்து, மூன்று சுற்று வெறும் கையால் ஏற்றினார்.