மந்திரம், சூழ்ச்சி, ஸ்ட்ராட்டஜி

2024 பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில், இரண்டாமாண்டு மாணவிகள் நால்வர் ஒரு புகார்க் கடிதத்தோடு எங்கள் துறைக்கு வந்தார்கள். திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து டவுன் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள். கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவர் தங்களிடம் பேசும் விதத்தைப் பற்றி எழுதி, நால்வரும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் கடிதத்தை வாங்குவதற்குள் மூத்த பேராசிரியர் ஒருவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, “என்னம்மா, நாலு பேரும் சேர்ந்து ரெட் கார்டு தூக்கிட்டீங்களா?” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாணவிகளும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரித்ததைவிட அவர்கள் சிரித்ததுதான் எனக்கு உறுத்தியது.

அந்தக் கேலியை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போகிப் பண்டிகையன்றுதான் பிக் பாஸ் ஏழாவது சீசன் முடிந்திருந்தது. அந்த சீசனின் மையமாக அதற்கு முந்தைய நவம்பர் 4ஆம் தேதி ஒளிபரப்பான நிகழ்ச்சி ஆகிப்போயிருந்தது. பிரதீப் ஆண்டனியின் பேச்சும் நடத்தையும் தங்களுக்குப் பாதுகாப்பின்மையைத் தருவதாகப் பெண் போட்டியாளர்கள் சிலர் கமல்ஹாசன் முன்னால் உரிமைக்குரல் எழுப்பினார்கள். பிற போட்டியாளர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையினர் ரெட் கார்டு என்றார்கள். அவர் வெளியேற்றப்பட்டார். அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டின் கோபம் முழுவதும் மாயா, பூர்ணிமா, ஜோவிகா, ஐஷு ஆகியோர் மீது திரும்பியது. அவர்களுக்கு ஒரு பெயரும் கிடைத்தது: புல்லி கேங்.

நானும் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவள்தான். அறிவுஜீவிகள் பிக் பாஸ் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தப் பொய் எனக்கு வேண்டாம். 2017 ஜூனில் முதல் சீசன் தொடங்கிய நாளிலிருந்து, விட்டு விட்டாவது பார்த்துவருகிறேன். பெண்கள் கூட்டுச் சேர்வதைத் தமிழ்ச் சமூகம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறொரு நிகழ்வு நம்மிடம் இல்லை என்று நினைக்கிறேன்.

விளையாட்டின் விதியிலிருந்தே தொடங்கலாம். 1999இல் நெதர்லாந்தில் பிறந்த ‘பிக் பிரதர்’தான் இதன் மூலம். வாரந்தோறும் சக போட்டியாளர்களை நாமினேட் செய்ய வேண்டும். அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. 2000இல் பிரிட்டனின் முதல் சீசனில், காகிதத்தில் பெயர்களை எழுதிக் காட்டி மற்றவர்களின் நாமினேஷனைத் திருப்ப முயன்ற நிக் பேட்மேன் வெளியேற்றப்பட்டார். தமிழிலும் விதி இதுதான். ஒரே கூரையின் கீழ் நூறு நாள், கைபேசி இல்லை, கடிகாரம் இல்லை, வாராவாரம் தலைக்கு மேல் கத்தி. கூட்டணி இல்லாமல் அங்கே ஒரு வாரத்தைத் தள்ள முடியாது. ஆனால் கூட்டணி என்பதை வாய்விட்டுச் சொன்னால் அது குற்றம். வார இறுதியில் தொகுப்பாளர் வந்து ‘குரூப்பிஸம்’ என்று விசாரணை வைப்பார். எல்லோரும் செய்கிற, யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாத ஒரு காரியம். அப்படிப்பட்ட காரியத்தில் யார் மாட்டுவார்கள் என்பது விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருக்காது. அதைப் பார்வையாளர்கள் தீர்மானிப்பார்கள்.

மூன்றாவது சீசனில் கவின், சாண்டி, முகேன், தர்ஷன் கூட்டாக இருந்தார்கள். ‘வீ ஆர் த பாய்ஸ்’ என்று பாட்டே கட்டிப் பாடினார்கள். யாரை எப்படி வெளியேற்றுவது என்ற பேச்சு அவர்களுக்குள்ளும் நடந்தது. அதற்கு நாம் வைத்த பெயர் நட்பு. கவின் ஐந்து லட்சத்தை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது அது நண்பர்களுக்கான தியாகமாகக் கொண்டாடப்பட்டது. அடுத்த சீசனில் தொகுப்பாளர் அர்ச்சனா, ரியோ, நிஷா, சோம் ஆகியோர் சேர்ந்திருந்தார்கள். உறுப்பினர்களில் ஆண்களும் இருந்தார்கள். ஆனால் தலைமை ஒரு பெண்ணுடையது. அதனால் அதற்கு ‘அன்பு கேங்’ என்று பெயர். அன்பு என்ற சொல்லையே வசைச்சொல்லாக மாற்றியது அந்த ஒரு சீசன்தான்.

ஒரு பெண் ஓர் ஆணோடு கூட்டுச் சேர்ந்தாலோ, அது கூட்டணியாகவே கணக்கில் வராது, காதலாகிவிடும். காதல் என்றால் குடும்பம் வந்து விசாரிக்கும். 2019இல் ஃப்ரீஸ் டாஸ்க்கில் உள்ளே வந்த லாஸ்லியாவின் தந்தை மகளைக் கண்டித்தார். 2020 டிசம்பரில் ஷிவானியின் தாய் அதையே செய்தார். இரண்டு பெண்களும் அசையாமல் நிற்க வேண்டும் என்பது டாஸ்க்கின் விதி. பெண் உறைந்து நிற்க, குடும்பம் சுற்றி வந்து பேசுகிற அந்தக் காட்சியை எந்த நவீன நாடக இயக்குநரும் இதைவிடத் துல்லியமாக அமைத்துவிட முடியாது.

தமிழாசிரியை என்பதால் சொற்களின் மீதுதான் என் கண் போகிறது. ‘சூழ்ச்சி’ என்ற சொல்லைப் பாருங்கள். திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரம் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. அங்கே அதற்குக் கலந்தாய்வு, தீர எண்ணுதல் என்று பொருள். அமைச்சர்களுக்கு உரிய தகுதி. கம்பராமாயணத்துக்கு வந்தால் அயோத்தியா காண்டத்தின் முதல் படலம் மந்திரப் படலம். தசரதன் அமைச்சர்களோடும் முனிவரோடும் கலந்து, பரதன் ஊரில் இல்லாத நேரத்தில், ராமனுக்கு முடிசூட்ட முடிவெடுக்கிறான். அடுத்த படலத்தின் பெயர் மந்தரை சூழ்ச்சிப் படலம். அதற்கடுத்தது கைகேயி சூழ்வினைப் படலம். அரியணை யாருக்கு என்பதுதான் மூன்று படலங்களிலும் பேச்சு. ஆண்கள் அமர்ந்து பேசினால் மந்திரம். ஒரு கூனியும் ஓர் அரசியும் அமர்ந்து பேசினால் சூழ்ச்சி. இந்தத் தலைப்புகள் கம்பர் இட்டவையா, பின்னால் வந்தவர்கள் இட்டவையா என்பது வேறு விவாதம். யார் இட்டிருந்தாலும் பிக் பாஸ் ப்ரோமோவுக்குத் தலைப்பு வைக்கிறவர் அவருடைய வாரிசுதான்.

எங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. இங்கே பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என்று ஒரு பாறை நிற்கிறது. மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டு, பாரியை வஞ்சத்தால் கொன்ற பிறகு, கபிலர் அவனுடைய மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு இங்கே தீப்புகுந்தார் என்று வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு குறுநில மன்னனை வீழ்த்த மூன்று பேரரசர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். அவர்களை நாம் எந்த கேங் என்றும் அழைப்பதில்லை. மூவேந்தர் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

பெண்களின் உத்திகள் எல்லாமே நியாயமானவை என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. ஐந்தாவது சீசனில் நாணயங்களைக் கைப்பற்றும் டாஸ்க் ஒன்று நடந்தது. மேடை நாடகக் கலைஞரான தாமரைச்செல்வி உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பாவனியும் சுருதியும் அவருடைய நாணயத்தை எடுத்தார்கள். கேட்டபோது, ஸ்ட்ராட்டஜி என்றார்கள். தாமரை அழுதது நாணயத்துக்காக இல்லை என்றே நினைக்கிறேன். ஊர் ஊராகப் போய் நாடகமாடும் பெண்ணுக்கு உடை மாற்றும் மறைவிடம் என்பது என்ன என்று எனக்கு ஓரளவு தெரியும். மறைப்புக்கு ஒரு சேலையைப் பிடித்தபடி இன்னொரு பெண் நிற்பாள். அந்த நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. அதைத்தான் அன்று எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் உடல் சார்ந்த தயக்கத்தை ஆயுதமாக்கும்போது அதைப் பெண்ணிய உத்தி என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அந்த வாரம் வந்த வசைகளையும் படித்தேன். திருட்டைக் கண்டித்தவை கொஞ்சம். அந்தப் பெண்களின் உடையையும் நிறத்தையும் ஒழுக்கத்தையும் பேசியவை அதிகம்.

இந்தப் பின்னணியில்தான் 2023 நவம்பரைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிவிட்டார்கள். ஒன்று, அந்த நடைமுறை நியாயமானதா? இல்லை என்பதே என் கருத்து. குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புக் கிடைக்கவில்லை என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன். போட்டியாளர்களே நீதிபதிகளாகவும் இருப்பது விளையாட்டுக்குப் பொருந்தலாம். பாதுகாப்பு பற்றிய புகாருக்குப் பொருந்தாது. விசித்ராவைப் போலத் தனக்கு அப்படித் தோன்றவில்லை என்று சொன்ன பெண்களும் அந்த வீட்டில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதும் சாட்சிதான். இரண்டாவது கேள்வி, அந்தப் பெண்களின் புகார் பொய்யா? இதற்குப் பார்வையாளர்கள் கொடுத்த பதில் விசித்திரமானது. அவர்கள் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள், பிரதீப் வலுவான போட்டியாளர், அவர் போனால் அவர்களுக்கு லாபம், ஆகவே பொய்.

இந்த ‘ஆகவே’யில்தான் எனக்குச் சிக்கல். ஒரு புகார் உத்தியாகவும் உண்மையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாதா? தொழிற்சங்கம் பண்டிகைக்கு முன்னால் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம் அறிவிக்கிறது. நேரம் பார்த்துச் செய்வதுதான். கோரிக்கை அதனால் பொய்யாகிவிடுவதில்லை. பெண் மட்டும் பலன் எதுவும் கிடைக்காதபோது, யாரோடும் கலந்து பேசாமல், தனியாக, அழுதுகொண்டு வந்து சொன்னால்தான் நம்பப்படுவாள். அப்படித் தனியாக வந்தாலும், சாட்சி எங்கே என்று கேட்போம்.

அதே மாதம் விசித்ரா, இருபதாண்டுகளுக்கு மேல் முன்பு ஒரு படப்பிடிப்பில் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னார். நாடே உருகிக் கேட்டது. நானும் அழுதேன். பழைய கதை, தனிக்குரல், வீட்டுக்குள் இருக்கும் யாரையும் குறிப்பிடாதது. அதை நம்புவது நமக்குச் சுலபமாக இருந்தது. 2019இல் இதே மேடையில் சரவணன், கல்லூரி நாட்களில் பெண்களைத் தொடுவதற்காகவே பஸ்ஸில் போனதுண்டு என்று சொன்னபோது அரங்கில் கைதட்டல் எழுந்ததை நான் மறக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவர் வெளியேற்றப்பட்டார். கைதட்டியவர்களை யாரும் கேங் என்று சொல்லவில்லை.

முதல் எட்டு சீசன்களில் வென்ற பெண்கள் இருவர். 2018இல் ரித்விகா. எந்தக் குழுவிலும் சேராதவர் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. 2024 ஜனவரியில் அர்ச்சனா ரவிச்சந்திரன். வைல்டு கார்டில் நுழைந்து, ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டு அழுது, பிறகு மாயா-பூர்ணிமா அணியைத் தனியாக எதிர்த்து நின்றவர். இருவருடைய வெற்றியும் தகுதியானது. ஆரி போன்ற ஆண்களும் தனியாக நின்று வென்றிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஆணுக்கு அது பல வழிகளில் ஒன்று. முகேனும் சாண்டியும் முதலிரண்டு இடங்களைத் தங்கள் கூட்டத்தோடு வந்தே பிடித்தார்கள். பெண்ணுக்கு இன்னொரு வழி திறந்ததை இந்த எட்டு சீசன்களில் நான் பார்க்கவில்லை.

வேறொரு விளையாட்டில் அது திறந்தது. 2021இல் ஜீ தமிழின் ‘சர்வைவர்’ சான்சிபாரில் நடந்தது. அங்கே கூட்டணி அமைப்பது குற்றமில்லை, அதுதான் விளையாட்டே. விஜயலட்சுமி வெளிப்படையாகக் கணக்குப் போட்டு ஆடி ஒரு கோடி ரூபாயை வென்றார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பிக் பாஸ் வீட்டிலும் வைல்டு கார்டாக இருந்தவர்தான். முக்கியமான வித்தியாசம், சர்வைவரில் தீர்ப்புச் சொன்னவர்கள் அவரோடு ஆடித் தோற்றவர்கள். அவருடைய திறமை என்னவென்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். பிக் பாஸில் தீர்ப்புச் சொல்வது நாம். மருமகளும் ஓரகத்தியும் அடுப்படியில் குரலைத் தாழ்த்திப் பேசினால், ‘என்ன ரகசியம்?’ என்று கூடத்திலிருந்து கேட்டுப் பழகிய நாம்.

எட்டாவது சீசனில் வீட்டின் நடுவே கோடு போட்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றே பிரித்துவிட்டார்கள். பெண்கள் கூட்டுச் சேர்வதை நிகழ்ச்சியே விதியாக்கியது. அவர்கள் ஒன்றாக இருந்த நாட்களைவிட, தங்களுக்குள் சண்டையிட்ட நாட்களின் துண்டுக் காட்சிகளைத்தான் என் மாணவர்கள் செல்போனில் வைத்துப் பார்த்தார்கள்.

அந்த நான்கு மாணவிகளுக்குத் திரும்புகிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் கடிதத்தைக் கொடுக்கலாம் என்று சொன்னேன். மறுநாள் ஒருத்தி மட்டும் வந்து, “மேடம், என் பேரை எடுத்துடுங்க. நாங்க பேசி வெச்சுக்கிட்டு வந்தோம்னு சொல்றாங்க” என்றாள். யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. மற்ற மூவரையும் வரச் சொன்னேன்.

“பேசி வெச்சுக்கிட்டுத்தானே வந்தீங்க?”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஆமாம் மேடம். பஸ்ல பேசிக்கிட்டோம். ரெண்டு வாரமா.”

“அப்ப அதையும் எழுதுங்க.”

அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். ‘நாங்கள் இரண்டு வாரங்களாக எங்களுக்குள் கலந்து பேசி, இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்’ என்று முதல் வரி. ‘கலந்து பேசி’யா, ‘கலந்தாலோசித்து’வா என்று ஒரு சந்தேகம் வந்தது. கலந்தாலோசித்து என்று திருத்திக்கொண்டார்கள். கீழே மூன்று கையெழுத்துகள். நான்காவது பெண் கதவுக்கு வெளியே, வராந்தாவில் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு நால்வரும் ஒன்றாகத்தான் போனார்கள்.